மாடு வருவதற்கு முன்பே பிரேக்

திருநெல்வேலி ஜில்லாவில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களில் பாதி இன்னும் எதிலும் மோதாமல் இருப்பதற்குக் காரணம் போலீசும் இல்லை, ரோடும் இல்லை. பிடிமானம் அண்ணாச்சி ஒருத்தர்தான். மீதிப் பாதி எங்கேயாவது மோதியிருந்தால் அவற்றை ஓட்டியவர்கள் அண்ணாச்சி கடைக்குப் போகாதவர்கள். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் முதலில் வருவது, "பிடிமானம் இல்லையே வே!" அதுவே பெயராகிவிட்டது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து முனையில் தகரக் கூரைக் கடை. வாசலில் கோணல் எழுத்தில் ஒரு பலகை: 'இஞ்சின் பார்க்கப்படாது.'

ஹேண்டில்பார், அதில் பிரேக்குக்கும் கிளட்சுக்குமாக இரண்டு லிவர், இரண்டு கைப்பிடி ரப்பர். அவ்வளவுதான் அவருடைய உலகம். பெட்ரோல் டேங்க் ஒழுகிக்கொண்டு வண்டி வந்தாலும் குனிந்து பார்க்க மாட்டார்.

"இஞ்சினு நின்னா வண்டி நிக்கும், அம்புட்டுதான். வண்டி நிக்கணும்னு நினைக்கையில கையில பிரேக்கு பிடிக்கலன்னா?" என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் டீயைக் குடிப்பார். அந்தப் பதிலை நானாக நினைத்து நினைத்து இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன்.

கடைக்கு நடுவில் ஒரு பழைய ஆட்டுக்கல். அதன் மேல் ஒரு ஹேண்டில்பாரை போல்ட் போட்டு முறுக்கி வைத்திருப்பார். எதிரே ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய சீட்டு. வருகிறவர் கையில் சாக்பீஸ் தூளைத் தடவி, அந்தச் சீட்டில் உட்காரவைத்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்வார். அப்புறம் ஊர்க்கதை பேசுவார். மழை பெய்யுமா, மூத்த மகளுக்கு வரன் வந்ததா என்று விசாரிப்பார். ஆள் அசந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் வந்து கத்துவார்:

"மாடு!"

ஆள் துள்ளி விழுந்து லிவரைப் பிடிப்பார். எத்தனை விரல் போய்ச் சேர்ந்தது, எங்கே பட்டது, எங்கே வழுக்கியது என்பதைச் சாக்பீஸ் தூள் காட்டிக் கொடுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் எந்த லிவர், எந்த ரப்பர் என்று முடிவு செய்வார். ஒருநாள் அவர் கத்திய கத்தலில் ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஆட்டோக்காரர் நிஜமாகவே பிரேக் போட்டு, உள்ளே இருந்த பயணி முன்சீட்டுக்கு வந்துவிட்டார். ஆட்டோக்காரர் சண்டைக்கு வந்தார். அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்து, "பிரேக்கு அருமையா இருக்கு வே. போயிட்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் வந்தார். குட்டை விரல். லிவர் தூரமாக இருந்ததால் 'மாடு' என்றதும் அவர் விரல் நுனி மட்டும் அதைத் தொட்டது.

"சார், இத்தனை வருசமா நீங்க பிரேக்கு பிடிக்கவே இல்ல. பிரேக்குக்கு வணக்கம் சொல்லிட்டு வந்திருக்கிய."

ஹெட்மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. கைக்குக் கிட்டே திருகி வைக்கிற மாதிரி ஒரு லிவரை அண்ணாச்சி மாட்டிக் கொடுத்தார். வந்தபோது சாருக்கு இருந்த தைரியம் போகும்போது இல்லை. ஆனால் பிரேக் இருந்தது.

இன்னொரு நாள் ஒரு காலேஜ் பையன் தங்கக் கலரில் இரண்டு லிவரை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்து மாட்டச் சொன்னான்.

"எதுக்குலே?"

"ஒரு லுக்குக்குத்தான் அண்ணாச்சி."

"ஏலே, குறுக்க வார மாடு உன் லுக்கைப் பாத்துட்டு ஒதுங்கிப் போவுமாலே? இந்தத் தகரம் ரெண்டு தடவை பிடிச்சா வளைஞ்சிரும். கொண்டு போயி உங்கம்மைட்ட குடு, வளையலாப் போடட்டும்."

இப்பேர்ப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் இரண்டு விரல்கள்.

நான் எட்டாங்கிளாஸோடு நின்றவன். கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. தினமும் நாலுவழிச் சாலையில் போக வேண்டும், வர வேண்டும். எனக்குக் கவலை என்பது மூச்சு விடுகிற மாதிரி. லாரி எதிரே வந்தால் கவலை. வராவிட்டால், ஏன் இன்னும் ஒன்றையும் காணோம் என்று அதைவிடக் கவலை. அப்படி இருக்கும்போது ஒருநாள் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போயின. கிள்ளினால் தெரியவில்லை. போனில் தேடினேன். பக்கவாதத்தில் ஆரம்பித்து நான் கேள்விப்படாத பத்து நோய் வரைக்கும் போட்டிருந்தது. டாக்டர் விரலை மடக்கிப் பார்த்து, "வண்டியை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க. கைப்பிடியை மாத்துங்க" என்றார். இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே, எதையோ மறைக்கிறார் என்று நான் நினைத்தேன்.

என் உயிரைப் பற்றி மட்டும் என்றால் பரவாயில்லை. அப்போது என் மகள் பேச்சி ஆறாங்கிளாஸ். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மரத்த விரலோடு பிரேக் பிடித்து, அது பிடிக்காமல் போனால்? யோசித்தேன். மறுநாள் காலையில் அவளை வண்டியில் உட்காரவைத்து, இஞ்சினைப் போடாமல், பள்ளிக்கூடம் வரை தள்ளிக்கொண்டே போனேன்.

வழியில் ஏழு பேர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஒருத்தர் பாட்டிலில் கொண்டுவந்தே கொடுத்தார். வேண்டாம், வண்டி நன்றாக ஓடும் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"எப்பா, எல்லாரும் பாக்காங்க. நான் வேணா இறங்கித் தள்ளட்டா?" என்றாள் பேச்சி.

நாலு நாள் பொறுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்: "திங்கக்கிழமைல இருந்து நான் செல்வம் அண்ணன்கூட போய்க்கிடுதேன்."

செல்வம் பக்கத்து வீட்டுப் பையன். ஒரு கையில் வண்டி, மறு கையில் போன். இரண்டு கையையும் விட்டு அவன் தலை சீவியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. என் மனைவி, "ஏங்க, நீங்க ஒழுங்கா ஓட்டுனா அவ ஏன் அவன்கூட போறா?" என்றாள். நியாயம்தான். சனிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே போய் அண்ணாச்சிக்காக நின்றேன்.

வந்ததும் கை கொடுத்தார். கொடுத்த கையை விடவில்லை.

"தாமிரபரணி பொதிகை மலையில உற்பத்தியாகுதுன்னுல்லா படிச்சேன். உம்ம உள்ளங்கையிலயா வே?"

வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய் ஆட்டுக்கல்லுக்கு எதிரே உட்கார்ந்தேன். சாக்பீஸ் தூள் போட்டார். ஊர்க்கதையை ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஏன் வே பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டு இருக்கீரு?"

"மாடு வரும்லா அண்ணாச்சி."

"இன்னும் கத்தலையே!"

"கத்துவீங்கல்லா."

அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். எத்தனையோ விரலைப் பார்த்திருக்கிறாராம். மாடு வருவதற்கு முன்பே நாலு விரலும் பிரேக்கில் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறாராம். "பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டே ஓட்டுனா வண்டியும் போவாது, விரலும் இருக்காது. எங்க, வண்டியைக் காட்டும்."

காட்டினேன். இங்கேதான் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். களக்காட்டுப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கறுப்புக் கயிறு வாங்கிப் பிரேக் லிவரில் கட்டுவேன். ஊரில் எந்தக் கோயில் கொடை நடந்தாலும் ஒரு சிவப்புக் கயிறு. தர்காவில் ஓதிக் கொடுத்தது ஒன்று. ஆயுத பூஜைக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் இருந்தது. அதை அவிழ்த்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று விட்டதில், அது காய்ந்து கோலிக்குண்டு மாதிரி லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் தொங்கியது. கைப்பிடி ரப்பரோ தேய்ந்து ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது.

அண்ணாச்சி லிவரை ஒரு அமுக்கு அமுக்கினார். பாதியில் 'டக்' என்று நின்றது. இன்னொரு அமுக்கு. அதே 'டக்'.

"வே, நீரு இத்தனை நாளாப் பிடிச்சது சக்கரத்தை இல்ல. எலுமிச்சம்பழத்தை!"

விபத்து வரக்கூடாது என்று கட்டியது, பிரேக்கைப் பிடிக்கவிடாமல் தடுத்திருக்கிறது. அது முட்டுக்கட்டை போடப் போட, நான் இன்னும் இறுக்க, வழவழ ரப்பரில் கை வழுக்க, அதற்கும் சேர்த்து இறுக்கித்தான் விரல் மரத்துப் போயிருக்கிறது. இதே வண்டியிலா பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனேன்!

"லிவரு வேற போடணும். நுனியில குண்டு வச்சது. விழுந்தா குத்தாது" என்றார். 'விழுந்தா' என்ற வார்த்தைக்கு அப்புறம் எனக்குக் காது அடைத்துவிட்டது. காது திறந்தபோது அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"அண்ணாச்சி, வெட்டாதிய!" என்று லிவரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். "பிள்ளை ஏறுத வண்டி. அவ பிறந்ததுல இருந்து கட்டுன கயிறு."

காலேஜ் பையனை விரட்டிய மாதிரி என்னையும் விரட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சந்தில் அதற்குள் மூன்று வண்டி காத்திருந்தது. ஒருத்தர், "அண்ணாச்சி, வெட்டிப் போட்டுட்டு வாரும் வே" என்று சத்தம் போட்டார். அண்ணாச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கோணி ஊசி ஒன்றை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எண்ணெயும் தூசியும் ஏறி இறுகிப்போன முடிச்சுகளை ஒவ்வொன்றாக நெம்பி நெம்பி அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு வண்டிக்கு அரைமணி நேரம்கூடக் கொடுக்காத மனுஷன், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. காத்திருந்த மூன்று பேரும் போயே போய்விட்டார்கள்.

எல்லாக் கயிற்றையும் ஹெட்லைட்டுக்குக் கீழே, எதிலும் இடிக்காத ஒரு கம்பியில் வரிசையாகக் கட்டினார். எலுமிச்சம்பழத்தையும் விடவில்லை.

"சாமி இங்கன இருக்கட்டும். பிரேக்கு அங்கன இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் தனித்தனி வேலை இருக்குல்லா."

புது லிவர் என் விரலுக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்தது. கைப்பிடி ரப்பர் மெத்தென்று, வரி வரியாக, வேர்த்த கையையும் வழுக்கவிடாமல் பிடித்தது. நான் அதைப் பிடித்தேன் என்பதைவிட அது என்னைப் பிடித்தது என்பதே சரி. "ரெண்டு விரலு மட்டும் லிவரு மேல வையும், சும்மா பைய. மிச்ச விரலு ரப்பரைப் பிடிக்கட்டும்" என்றார்.

கிளம்பும்போது, "உங்க வண்டி எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வண்டியெல்லாம் கிடையாது. நான் பஸ்ஸுலதான் வாரேன். பயம் வே."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அதுதான்.

திங்கட்கிழமை காலை. பேச்சி பின்னால் உட்கார்ந்திருந்தாள், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மார்க்கெட் சந்து முனையில் திரும்பும்போது தலைக்குள் நூறு லாரி. திடீரென்று ஓரத்திலிருந்து ஒரு குரல்: "மாடு!"

இரண்டு விரலால் பிடித்தேன். வண்டி குலுங்காமல் நின்றது. டீ கிளாஸோடு நின்றிருந்த அண்ணாச்சி, "கத்துன பொறவுதான் பிடிச்சீரு. போயிட்டு வாரும்!" என்றார். பேச்சி சிரித்த சிரிப்பு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நிற்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை. அந்த வருஷம் முழுக்க, நாங்கள் அந்த முனையைக் கடக்கும் நேரத்துக்கு அவர் டீ கிளாஸோடு வெளியே வந்து நின்று கத்தினார்.

இப்போது அண்ணாச்சி கண் சரியில்லாமல் ராதாபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். கடை இருந்த இடத்தில் ஜூஸ் விற்கிறார்கள். பேச்சி காலேஜுக்குப் போகிறாள். வண்டியை அவள் ஓட்ட, பின்னால் நான். அந்த முனை வந்தால் ரோடு காலியாக இருந்தாலும் அவளுடைய இரண்டு விரல்கள் தானாக லிவர் மேல் போய் உட்காருகின்றன. பின்சீட்டில் பிடிக்க லிவர் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், என்னுடைய இரண்டு விரல்களும் மடங்கி, அந்தக் குரலுக்காகக் காத்திருக்கின்றன.