மீராசாவின் சம்மதம் தொடர்பாக

நற்பிட்டிமுனையைச் சேர்ந்த மீராசா என்பாரின் மூளையில் இருந்த புற்றுநோய்க் கட்டி, இரண்டு தரம் வெட்டியும் மூன்றாம் தரம் வந்துவிட்டது. வெட்கம் கெட்ட கட்டி. டொக்டர் அர்ஷாத் ஒளிக்காமல் சொன்னார்: "புதுசா ஒரு ஒப்பரேசன் இருக்கு. இஞ்ச ஒருத்தருக்கும் செஞ்சதில்ல. தப்பலாம், மேசையிலயே மௌத்தாகவும் கூடும். செய்யாட்டி ரெண்டு மாசம்."

"செய்யுங்க" என்றாள் மனைவி ஹாஜறா. ஆனால் பரிசோதனைச் சிகிச்சை என்றால் நெறிமுறைக் குழு தீர ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். குழுவில் ஏழு பேர், ஏழு ஃபைல், ஒரு தட்டு பிஸ்கட்.

தலைவர் நல்லரெத்தினம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மேற்படி சத்திரசிகிச்சைக்கு நீங்கள் சுயமாகச் சம்மதிக்கிறீர்களா?"

"ஓம், இன்ஷா அல்லாஹ்" என்றார் மீராசா.

செயலாளர் முபாறக்கின் பேனா நின்றது. "சேர், இதில ஒரு சிக்கல். நானும் இந்த ஊராள்தான். எங்கட மேசன், நாளைக்கு வாறன் இன்ஷா அல்லாஹ் எண்டு போன நோன்புக்குச் சொன்னவர். மதில் இன்னும் பாதியில நிக்குது. கலியாணத்துக்குப் போக விருப்பமில்லாட்டியும் இதத்தான் சொல்லுற."

"அப்ப இது ஓமா, இல்லையா?"

"முன்னுக்கு ஓம், பின்னுக்குச் சந்தேகம், சேர்."

நிபந்தனைச் சம்மதம் என்று பதிவாயிற்று. ஹாஜறா புருசனின் கையைச் சுரண்டினாள். "வெறும் ஓமெண்டு சொல்லுங்களன்."

"அல்லாஹ் நாடினாத்தானே நடக்கும். நாளைக்கு நடக்கப்போறத இன்ஷா அல்லாஹ் இல்லாம நான் எப்பிடிப் புள்ள சொல்லுற?"

தலைவர் டொக்டரிடம் திரும்பினார். "நோயாளர் குணமடைவார் என்று நீங்களாவது உறுதிப்படுத்துவீர்களா?"

அர்ஷாத் நேர்மையான மனிசன். "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நோயாளிக்கும் சந்தேகம், வைத்தியருக்கும் சந்தேகம். ஒப்பரேசனில் மௌத்தானால் குழு பதில் சொல்ல வேண்டும். கட்டியால் மௌத்தானால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே நோயாளரின் நலன் கருதி, விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருக்கா.

ஹாஜறா மேசைக்குக் கிட்ட வந்தாள். "ஐயா, அவருக்கு ரெண்டு மாசம்தான். ஒரு கிழமைக்குள்ள கூட்டத்த வெச்சி முடிவு தருவீங்களா?"

நல்லரெத்தினம் எழுந்து, முப்பது வருடம் கல்முனையில் உத்தியோகம் பார்த்த பக்குவத்தோடு சொன்னார்: "இன்ஷா அல்லாஹ், தங்கச்சி."

வெளியே வந்ததும் மீராசா மெச்சிக்கொண்டார். "பாத்தியா, எங்கட மார்க்கத்துக்கு என்ன மரியாத குடுக்கார் மனிசன்."

ஹாஜறாவும் இந்த ஊரில்தான் பிறந்தவள். போகப் பிடிக்காத கலியாணங்களுக்கெல்லாம் இன்ஷா அல்லாஹ் சொல்லிச் சொல்லியே வீட்டில் இருந்தவள்.