மாஸ்ரர் இறந்திருந்த பதினான்கு நிமிடங்கள்

யாரையாவது அறிமுகப்படுத்தச் சொன்னால் அவர் பிறந்த ஊரிலிருந்து தொடங்காமல் இருக்க என்னால் முடியாது. இது ஒரு வியாதி. காரணமும் எனக்குத் தெரியும். ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வந்தேன். (மனைவி அந்தக் கொப்பிகளைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள்.) எங்கள் ஆட்கள் எந்த ஊரில் பிறந்து, எங்கெங்கே அலைந்து, யாரைக் கட்டி, எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அவற்றைச் சரித்திர ஆவணம் என்று நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஒரே வகை எழுத்தைத் தினமும் வாசிப்பவனுக்குக் கையும் அதற்கே பழகிவிடும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெப்ரவரி ஞாயிறு. பின்னேரம் நான்கு மணி.

நகரின் நடுவே ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இயங்கிய சமூக வானொலி அது. சம்பளம் வாங்குபவர் யாரும் இல்லை. மூன்றிலிருந்து நான்கு வரை டொறத்தி என்ற ஜமேய்க்க அம்மையார் தேவாலயப் பாடகர் குழுக்களின் கொஸ்பல் இசையைப் போடுவார். நாலரையிலிருந்து ரே என்பவரின் ஜாஸ். இடையிலிருந்த அரை மணி நேரத்தை, தமிழில் ஒரு சமூக உரையாடல் நடத்தும்படி ரே எனக்குத் தந்திருந்தார். அது அவருடைய ஜாஸ் நேரத்திலிருந்து வெட்டிக் கொடுத்தது. ஆகவே நிபந்தனையும் இருந்தது. மூன்று ஞாயிறு பார்ப்பார். நேயர்கள் தொலைபேசியில் அழைத்தால் நிகழ்ச்சி தொடரும். அழைக்காவிட்டால் அரைமணி ஜாஸுக்கே திரும்பிவிடும்.

முதல் ஞாயிறு ஒருவரும் அழைக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு ஒருவர் அழைத்தார், பீற்சா கேட்டு. நான் சொல்வது மூன்றாவது ஞாயிறு.

அன்றைய விருந்தினர் சிவஞானம் மாஸ்ரர். ஊரில் கணிதம் படிப்பித்தவர். ஸ்காபரோவில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். மிச்சப் பாதியை ஒரு காலத்தில் வகுப்பில் தண்டனையாக வாங்கில் ஏற்றி நிறுத்தியவர். பேச வேண்டிய விடயம்: ‘பனிக்காலத்தில் நேரத்துக்கு வேலைக்குப் போவது எப்படி?’

நான்கு மணிக்கு மாஸ்ரரைக் காணவில்லை.

வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் ஒலிவாங்கியைத் திறந்து, இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்த அறிமுகத்தை என் மிகக் கம்பீரமான குரலில் வாசிக்கத் தொடங்கினேன்.

“யாழ்ப்பாணம் கோப்பாயைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை முன்னாள் வதிவிடமாகவும், கனடா ஸ்காபரோவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவஞானம் அவர்கள்...”

நிறுத்தினேனா? இல்லை. அன்னார் யாருடைய கனிஷ்ட புத்திரன், யாருடைய மருமகன், பவளமணியின் அன்புக் கணவர், எத்தனை பிள்ளைகளின் பாசமிகு தந்தை என்று எல்லாம் வந்தது. நான்கு மூன்றுக்கு, கடைசி வரியில், “அன்னார் இன்று ஞாயிற்றுக்கிழமை” என்று வாசித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினேன். ‘எம்மோடு உரையாட வந்திருக்கிறார்’ என்று அடுத்து எழுதியிருந்தது. எதிரே வெறுங் கதிரை. ஒரு செருமல். பிறகு மௌனம்.

கண்ணாடிக்கு அப்பால் இசைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த டொறத்தி என் திறந்த வாயைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கைக்கு வந்த தட்டைச் சுழலவிட்டார். நாற்பது பேர் சேர்ந்து, மிக மெதுவாக, உருகி உருகிப் பாடும் ஒரு பாட்டு.

மூன்று நிமிடத்தில் தொலைபேசியின் ஐந்து விளக்குகளும் எரிந்தன. நிகழ்ச்சி தப்பியது என்று நினைத்துக்கொண்டு முதலாவதை எடுத்தேன்.

“தம்பி,” என்றது ஒரு விம்மல், “எப்ப நடந்தது?”

“நாலு மணிக்கு அண்ணை,” என்றேன். (நிகழ்ச்சி தொடங்கிய நேரத்தைக் கேட்கிறார் என்றல்லவா நினைத்தேன்!)

“ஐயோ, நேற்றும் கோயிலிலை கண்டனான்!”

இரண்டாவது அழைப்பு: “பார்வைக்கு எங்கை வைக்கினம்?”

மூன்றாவது ஓர் அம்மா. “அதெல்லாம் சரி தம்பி. மாஸ்ரர் எப்ப வேதத்துக்கு மாறினவர்? பிள்ளையார் கோயில் செயலாளரெல்லே? பின்னாலை யேசு பாட்டெல்லே போகுது!”

அப்போதுதான் கையிலிருந்த தாளை ஒரு நேயரின் காதால் வாசித்துப் பார்த்தேன். அச்சு அசலான மரண அறிவித்தல்.

நான்காவது விளக்கில் மாஸ்ரரின் மனைவி பவளமக்காவே இருந்தார்.

“தம்பி, என்ன வேலை பாத்தனீர்? வீட்டிலை பத்துப் பேர் வந்து நிக்கினம். ஒருத்தி பிளாஸ்கிலை கோப்பியும் கொண்டு வந்திருக்கிறாள். மனிசன் இப்பதான் ஸ்ரேசனிலையிருந்து போன் எடுத்து, பஸ் வரேல்லை எண்டு சொன்னவர். அதைச் சொன்னால், ‘பாவம், அதிர்ச்சியிலை கதைக்கிறா’ எண்டு என்னைப் பிடிச்சுக் கதிரையிலை இருத்தினம்!”

பாய்ந்துபோய் ஒலிவாங்கியைத் திறந்தேன். “நேயர்களே, சிவஞானம் மாஸ்ரர் உயிரோடு இருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்.” விளக்குகள் ஒன்றும் அணையவில்லை. “செத்த ஆளை வைச்சுப் பகிடி விடுறியோ?” என்று ஒருவர் என்னை அடிக்க முகவரி கேட்டார். ஜாஸ்காரர் ரே கதவில் சாய்ந்து விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்கு பதினேழுக்கு மாஸ்ரர் வந்தார். தொப்பியில் பனி, கையில் குடை, முகத்தில் கோபம். “உந்த பஸ்காரங்களுக்கு நேரம் எண்டால் என்னெண்டு தெரியாது” என்று ஆரம்பித்தவரை ஒலிவாங்கிக்கு முன்னால் தள்ளினேன்.

“ஐயா, உயிரோடை இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ!”

“ஏன், ஆர் இல்லை எண்டது?”

தாளை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். “பிழை ஒண்டும் இல்லை. வடிவாய் எழுதியிருக்கிறீர்” என்றார். பிறகு ஒலிவாங்கியில், “வணக்கம். நான் சிவஞானம். இருக்கிறன்” என்றார்.

உடனே ஓர் அழைப்பு. அவருடைய பழைய மாணவன் குணம். “தம்பி, இது முந்தியே குரலைப் பதிஞ்சு வைச்ச ரேப்போ?”

மாஸ்ரரின் முகம் சிவந்தது. “டேய் குணம்! பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லடா!”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அவர்தான். இருக்கிறார்.”

மிச்ச நேரம் முழுவதும் சனம் அழைத்துக்கொண்டே இருந்தது. அழுதவர்கள், சிரித்தவர்கள், பதினான்கு நிமிடத்துக்குள் தாங்கள் அவரைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளை அவரிடமே திருப்பிச் சொன்னவர்கள். மாஸ்ரர் ஒவ்வொன்றையும் பிள்ளைகளின் விடைத்தாள் போலக் கேட்டு, “ஓம், அது சரி” என்று புள்ளி போட்டார். பனிக்காலத்தில் நேரத்துக்கு வேலைக்குப் போவது எப்படி என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.

நாலரைக்கு ரேயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருட ஜாஸுக்கு ஒரு மனிதர்கூடத் தொலைபேசியில் அழுததில்லையாம். அரைமணி எனக்கே என்றார். என்ன நடந்தது என்று விளங்கப்படுத்தியபோது டொறத்திதான் குறுக்கிட்டார். “செத்தவரை எழுப்புவது என்னுடைய ஒரு மணி நேரத்தில் நடக்க வேண்டிய விடயம். அதை எப்படி நீ எடுப்பாய்?”

அந்தத் தாளை மாஸ்ரர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து என்னை எங்கே கண்டாலும், வணக்கத்துக்குப் பதிலாகக் கையை உயர்த்தி, “இருக்கிறன்” என்பார். எங்கள் வட்டத்தில் அது வழக்கமாகிவிட்டது. பிறந்தநாள் விழாவில் நான் பேச எழுந்தால், விழா நாயகர் ஓடிவந்து சபைக்குத் தெரியும்படி என் பக்கத்தில் நின்றுகொள்வார்.

பல வருடங்களுக்குப் பிறகு மாஸ்ரர் உண்மையாகவே போய்ச் சேர்ந்தார். மண்டபத்தில் பவளமக்கா என்னைக் கூப்பிட்டு, மடிப்புகளில் கிழிந்திருந்த இரண்டு தாள்களைத் தந்தார். “உதையே வாசியும் தம்பி. பிழை ஒண்டும் இல்லை எண்டு அவரே சொன்னவர்.”

வாசித்தேன். “அன்னார்” என்று வந்த இடத்தில் பழையபடி நிறுத்திவிட்டேன். அறியாமல் வாசல் பக்கம் பார்த்தேன்.

பின்வரிசையிலிருந்து குணத்தின் குரல் வந்தது. “கொஞ்சம் பொறுங்கோ. பஸ் பிந்தியிருக்கும்.”

முதலில் சிரித்தவர் பவளமக்காதான்.