ஐந்து துண்டு வியாதி

இந்த வருசம் பூண்டு பிடுங்கக் குனிவதில்லை என்று பூண்டி வேலுமணி தீர்மானம் போட்டுவிட்டார். அதற்கு ஒரு வியாதி வேண்டும். சின்ன வியாதியெல்லாம் மனைவி ராக்காயியிடம் செல்லாது. காய்ச்சலைக் கசாயத்தால் விரட்டுவாள், தலைவலியை முறைத்தே விரட்டுவாள்.

கொடைக்கானல் டாக்டர் இடுப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு, வெறும் பிடிப்பு என்று தைலம் எழுதிக்கொடுத்தார். ஆனால் சுவரில் முதுகெலும்புப் படம் ஒன்று தொங்கியது. அதன் கீழே பஸ் நீளத்துக்கு ஒரு வியாதியின் இங்கிலீஷ் பேர். பார்த்ததுமே வேலுமணிக்குப் பிடித்துவிட்டது. நர்ஸ் தாரணியைக் கெஞ்சி, அதை ஐந்து துண்டாக நறுக்கி வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு ஒரு துண்டாகச் சொல்லிப் பார்த்தார். பூம்பாறை வருவதற்குள் ஐந்தும் ஒட்டிக்கொண்டன. சந்தோசம் தாங்காமல் கண்டக்டருக்கும் ஒரு தடவை சொல்லிக் காட்டினார்.

மறுநாள் வெள்ளனே, பிடுங்க வந்த பன்னிரண்டு பெண்களுக்கும் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னே பிடுங்காவிட்டால் அத்தனை பூண்டும் மண்ணிலேயே அழுகும்.

"எனக்கு ஸ்பாண்-டி-லோ-லிஸ்-தெசிஸ். இனிமே குனியவே கூடாது."

"இன்னொருக்கா சொல்லுங்க, இவளுகளும் கேக்கட்டும்," என்றாள் ராக்காயி.

சொன்னார். அது வந்தால் என்ன செய்யும் என்று பிடுங்க வந்தவர்களில் பெருமாயி கேட்டாள். வேலுமணிக்கு உற்சாகம் பொங்கியது. காலையில் இடுப்பு நிமிராது, கால் மரத்துப்போகும், மூட்டை தூக்கினால் உயிர் போகும் என்று அடுக்கினார். ஆம்பளை நோவுக்குத்தான் எவ்வளவு விளக்கம்! பேரைப் பிரித்துச் சொல்லித்தரச் சொன்னார்கள். கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தார். கால்மணி நேரத்தில் பன்னிரண்டு வாயும் பிசகாமல் சொல்லின.

பெருமாயி கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து ராக்காயியைப் பார்த்தாள்.

"இருவது வருசமா பேர் தெரியாமக் கெடந்துச்சு மதினி. எனக்கும் இதேதான்."

அடுத்த கூடை கவிழ்ந்தது. அதற்கடுத்ததும். மழை வருகிறதே, யார்தான் பிடுங்குவது என்று வேலுமணி பதறினார்.

ராக்காயியும் ஒரு கூடையைக் கவிழ்த்து, சேலையை ஒதுக்கி உட்கார்ந்தாள்.

"எங்களுக்கெல்லாம் முத்திப்போச்சுங்க. ஒங்களுக்கு நேத்துத்தான வந்திருக்கு? வெரசாக் குனிங்க."