அலைவரிசை சாரின் ஆளில்லா வகுப்பு

வகுப்பறையே இல்லாமல் ஒரு வகுப்பு முழுவதையும் ஃபெயிலாக்கிய வாத்தியார் இந்தப் பூமியில் ஒருவர்தான். நாயுடுபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அலைவரிசை சார். அவர் கடையில் எந்த ரேடியோவும் பேசி நான் கேட்டதில்லை. அவர்தான் பேசுவார், நடுநடுவே இருமுவார்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் மலைக் கிராமம் பள்ளங்கியிலிருந்து சுருக்கெழுத்து படிக்க வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும், அப்பா விடமாட்டார். பரீட்சையில் தேறினால் எனக்கு வேலை. தவறினால், அப்பா பார்த்து வைத்திருந்த பூண்டு வியாபாரி.

இதைக் கேட்டதும் சாருக்கு ஞானம் பிறந்தது.

"வகுப்பு எதுக்கும்மா? குறியெல்லாம் புஸ்தகத்துலயே இருக்கு. நீ உன் வீட்ல இரு, பெருமாள்மலையில ஒருத்தன் இதே பரீட்சைக்குப் படிக்கிறான், அவன் அவன் வீட்ல இருக்கட்டும். சாயங்காலம் ரேடியோவுல நியூஸ் வாசிப்பான்ல, எல்லாரும் ஒரே நேரத்துல எழுதுங்க. சம்பளமில்லாத வாத்தியாரு!"

இப்படி மலையெங்கும் ஆறு பேரைச் சேர்த்தார். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. விரித்து எழுதிய தாள்களைப் பஸ் கண்டக்டர் வாங்கிப்போய் ரேடியோ கடையில் சேர்ப்பார். இடி இடித்தால் எங்கள் டிரான்சிஸ்டர் கொரகொரக்கும். மந்திரி திறந்து வைத்தது அணையா, ஆஸ்பத்திரியா என்று தெரியாது. அதற்கும் சார் வழி வைத்திருந்தார்.

"விட்டுப் போச்சா? இடம் விட்டு எழுது. ஒனக்கு விட்டது பெருமாள்மலைக்குக் கெடைச்சிருக்கும்."

கிடைத்தும் இருந்தது! ஆறு தாளையும் ஒட்டுப்போட்டு முழுச் செய்தியை எங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். நாங்கள் தலைகால் புரியாமல் ஆடினோம். தனியாக ஒருத்தருக்கும் முழுசாக எழுத வராது என்பதை அந்த மேதை கவனிக்கவில்லை.

திண்டுக்கல்லில் பரீட்சை. வேகமாக ஒரு வாக்கியம் ஓடியது. நான் பதறாமல் இடம் விட்டேன். அடுத்ததற்கும் விட்டேன். எங்கள் ஆறு பேர் தாளிலும் அழகழகாக இடம். அன்று வாசலில்தான் முதல்முறையாகப் பார்த்த பெருமாள்மலைக்காரர் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பிக் கேட்க மேற்பார்வையாளர் விடவில்லை.

ஆறு பேரும் ஃபெயில். அப்பா பூண்டு வியாபாரிக்குச் சொல்லி அனுப்பினார். சார் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனுஷன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"புள்ளைய வையாதீங்க. தப்பு என்னோடது. அடுத்த பரீட்சை வரைக்கும் பொறுங்க, நானே வந்து வாசிக்கிறேன்."

"இத்தனை நாளா எங்கய்யா போனீரு?" என்று அப்பா எரிந்து விழுந்தார்.

"பஸ்ஸுல குளிருதுங்க."

அப்பா தன்னை மறந்து சிரித்துவிட்டார். கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது.

மறுநாளிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து பழைய பேப்பரை வாசிப்பார். படுமோசமான வாசிப்பு. பாதி வார்த்தையை விழுங்குவார், மீதியை இருமுவார். பழக்க தோஷத்தில் ஒருநாள் இடம் விட்டேன்.

"இங்க வேற யாரு இருக்கா நெரப்ப? நீதான் எழுதணும். வெரசா எழுது."

எழுதினேன். அந்த இருமலுக்குள்ளிருந்தே வார்த்தையைப் பிடிக்கப் பழகியவளுக்கு, அடுத்த பரீட்சையில் வாசித்த திண்டுக்கல் குரல் தேனாக இருந்தது. தேறினேன். பூண்டு வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அலைவரிசை சார் மகா மட்டமான வாத்தியார். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் பஸ்ஸில் யாராவது அப்படி இருமினால், என் கை இன்னும் பென்சிலைத் தேடுகிறது. கண், அந்த மப்ளரைத் தேடுகிறது.