பெண் ஹார்மோனை விரட்டியவர்

ஐம்பத்திரண்டு வயது, நாற்பத்து நான்கு அங்குல மார்பு. நீங்கள் கேட்காமலே இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிடும் பிராணிக்கு ஆண்மைக் காவலர் என்று பெயர். உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார்.

எப்படி அடையாளம் காண்பது? கை குலுக்கினால் உங்கள் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். லிஃப்ட் ஓடினாலும் படியேறி, மூச்சு வாங்குவதை மறைக்க ஜன்னல் வழியே வானத்தை ரசித்து, பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டும் யாரையாவது தேடிப் பிடித்து, திறந்து கொடுத்து, கூடவே ஒரு பிரசங்கமும் செய்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். பிரசங்கத்தின் தலைப்பு மாறவே மாறாது: டெஸ்டோஸ்டிரோன்.

எனக்குத் தெரிந்த காவலர் ஒரு மரச்சாமான் கடையின் மேலாளர். மாதவிடாய் நின்ற அவருடைய மனைவியை எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மருத்துவர். அந்த அம்மாள் எடுத்தார். மாத்திரை சாப்பிட்டார். எடை தூக்கியும் பழகினார்.

"நீங்களும் ஒரு தடவை எடுத்துப் பாருங்களேன்."

"அடி போடி! எலும்பு தேயறதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்."

ஆண் உடம்பிலும் கொஞ்சம் பெண் ஹார்மோன் உண்டு என்று ஜிம் நண்பர் போட்டுக்கொடுத்த நாளில் இவருக்குத் தூக்கம் போயிற்று. சொந்த வீட்டுக்குள்ளேயே திருடனா! அது உண்டாகவே விடாத ஒரு மாத்திரையையும் அதே நண்பர் வாங்கிக் கொடுத்தார். மருத்துவர் சீட்டா? சிங்கத்துக்கு எதற்குச் சீட்டு? கலப்படமில்லாத ஆணாக இரண்டு வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

போன வாரம் கடையில் ஒரு அலமாரியை நகர்த்த முடியாமல் இருவர் திணறினார்கள்.

"தள்ளுங்கடா. ஆம்பளை தூக்கறதைப் பாருங்க!"

அலமாரி எழும்பியது. முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம். முதுகெலும்பில் முறிவு.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார் எலும்பு மருத்துவர். காவலர் படுத்தபடியே பெருமையாகச் சொன்னார்.

மருத்துவர் அம்மையார் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், உங்க டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கு அந்தப் பெண் ஹார்மோனா மாறுது. ஆம்பளைங்க எலும்பையும் அதுதான் காப்பாத்துது. நீங்க திருடன்னு நெனச்சு வாட்ச்மேனை விரட்டியிருக்கீங்க."

"அப்போ என் தசை?"

"தசை ஜோரா இருக்கு. அதைத் தாங்கத்தான் ஆள் இல்ல."

மனைவி சும்மா இருப்பாரா? "எனக்கு அந்த ஹார்மோன் வயசானதும் தானாப் போச்சு. நீங்க கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கீங்க."

காவலர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "மாத்திரையை நிறுத்தினா... குரல் கீச்சுன்னு ஆயிடாதே, டாக்டர்?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்குமுன், இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உள்ளே இழுத்து வைத்திருக்கிறீர்களே, அந்த வயிற்றைக் கொஞ்சம் விடுங்கள். உங்கள் மார்பளவு எனக்குத் தெரியும். போன மாதமே சொல்லிவிட்டீர்கள்.

திங்கட்கிழமை காவலருக்கு அதே எலும்பு அடர்த்தி ஸ்கேன். அதுவரை அவரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைப்பது அவருடைய மனைவி.