பைன் காய் போட்ட நாற்காலி

நாற்காலியின் மேல் ஒரு பைன் மரக் காய் இருந்தால், யாரோ இடம் பிடித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் பழைய மாளிகைக்குள் நின்றுகொண்டு நான் மனப்பூர்வமாக நம்பிய விஷயம் இது.

என்மேல் தப்பில்லை. நான் மயிலாப்பூர்க்காரன். மார்கழிக் கச்சேரிகளில் கைக்குட்டை, குடை, பாதி படித்த பேப்பர், ஒருமுறை மூக்குக்கண்ணாடிக் கூடு (காலிதான்) என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு முன்வரிசை பிடித்தே வளர்ந்தவன். வெள்ளைக்காரன் காயைப் போடுகிறான், அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

லண்டனில் வேலை பார்க்கும் என் மகள் காயத்ரிக்கும் கார்த்திக் என்ற பையனுக்கும் பிடித்துப்போயிருந்தது. பையனின் அம்மா தி.நகரில் ஜவுளிக்கடை நடத்துபவர். பூர்வீகம் தெற்கே. அவரும் மகனைப் பார்க்க வந்திருந்தார். ஆனால் இந்தச் சம்பந்தத்துக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நல்ல மாளிகை, நல்ல தோட்டம், நல்ல காற்று என்று காட்டினால் மனசு இளகும் என்பது பிள்ளைகளின் திட்டம்.

"இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருங்க. அவங்க சரின்னு சொல்லட்டும், அப்புறம் ஆயுசுக்கும் பேசிக்கோங்க" என்று ரயிலிலேயே என் மனைவி எச்சரித்தாள்.

அந்த ஊரில் அடுத்தவர் படுக்கையறையைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். (நம்மூர் கிரகப்பிரவேசத்தில் பாத்ரூம் வரை இலவசமாகக் காட்டி, சாப்பாடு போட்டு, தாம்பூலப் பையும் கொடுத்தனுப்புவார்கள்.) எல்லோரும் கோயிலுக்கு வந்ததுபோலக் கிசுகிசுத்தார்கள். பையனின் அம்மா மட்டும் குறுக்கே கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்துத் திரைச்சீலையை எடைபோட்டார்.

"பட்டு என்னவோ நல்ல பட்டுதான். சாயம் போயிருச்சு. நம்ம கடையில ஆடித் தள்ளுபடிக்குக்கூட வைக்க மாட்டோம்."

ஏழெட்டு அறைகள் கடந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிள்ளைகள் முன்னாலேயே தோட்டத்துக்குப் போயிருந்தார்கள்.

"அண்ணே, முட்டி உசிரு போவுது. எங்கயாச்சும் உக்காரணும்."

அது விருந்து மண்டபம். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு காய்! எனக்கு ரத்தம் கொதித்தது. நான்கூட அதிகபட்சம் மூன்று சீட்டுதான் பிடிப்பேன்.

"யாரோ வச்சிருக்காங்க, விடுங்க" என்றாள் மனைவி.

"வச்சவன் வந்தா நான் பேசிக்கிறேன். இதெல்லாம் எனக்குப் புதுசா?"

காயை எடுத்தேன். கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டினேன். "நீங்க உக்காருங்கம்மா!" அவர் உட்கார்ந்தார். நாற்காலி 'கிரீச்' என்றது. அந்தக் கைக்குட்டையை மனைவிக்காகப் பக்கத்து நாற்காலியில் போட்டுக்கொண்டிருந்தபோது, சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பதறி ஓடிவந்தார்.

அது ஏதோ ஒரு ராஜா காலத்து நாற்காலியாம். யாரும் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் காய் வைத்திருக்கிறார்களாம். (நம்மூரில் 'மீறினால் தண்டிக்கப்படுவீர்கள்' என்று போர்டு வைப்பார்கள், நாம் அந்தப் போர்டின் மேலேயே உட்காருவோம். இவர்கள் ஒரு காயை வைத்துவிட்டு மனிதனின் மனசாட்சியை நம்புகிறார்கள். பாவம்.)

பாட்டி வாக்கி டாக்கியை எடுத்தார். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. போலீஸ். விலங்கு. மகளின் விசா ரத்து. கல்யாணமும் ரத்து. மயிலாப்பூர் ஃபிளாட்டை விற்றாலும் அந்த நாற்காலியில் ஒரு கால்தான் தேறும்.

"பாத்ரூம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தேன்.

தோட்டத்தில் செடிகளைப் பறவை வடிவத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு மயிலுக்குப் பின்னால் பதுங்கினேன். (மயிலாப்பூர்க்காரனுக்கு அங்கேயும் மயில்தான் அடைக்கலம்.) மழை தூறியது. மனைவியிடமிருந்து போன் வந்தது. அவளைப் பிடித்துவைத்து என்னை வரவழைக்கிறார்கள் என்று புரிந்து, கட் செய்தேன். மறுபடி வந்தது. ஸ்விட்ச் ஆஃப்.

கடைசியில் காயத்ரி வந்து நின்றாள்.

"அப்பா! செடிக்குப் பின்னாடி என்ன பண்றீங்க?"

"போலீஸ் போயாச்சா?"

"எந்த போலீஸ்? அந்தப் பாட்டி சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னாங்கப்பா. அவங்களுக்கும் முட்டி வலியாம். ரெண்டு பேரும் உக்காந்து ஆபரேஷன் கதை பேசி ஃபிரெண்ட் ஆயிட்டாங்க."

"கார்த்திக் அம்மா கோவமா இருக்காங்களா?"

"சரின்னு சொல்லிட்டாங்க! 'கால் வலிக்குதுன்னு சொன்ன உடனே ராஜா நாற்காலியா இருந்தாலும் பரவால்லைன்னு உக்கார வச்ச குடும்பம். இதுக்கு மேல என்ன பாக்கணும்'னாங்க. டீ குடிச்சிட்டே தை மாசம்னு பேசி முடிச்சாச்சு. உங்களைக் கூப்பிடத்தான் அம்மா போன் பண்ணாங்க. நீங்க எடுக்கல. 'அவர் இல்லாததாலதான் இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது'ன்னு அம்மா சொல்றாங்க."

இப்போதும் வீட்டில் முக்கியமான பேச்சு எது வந்தாலும் சம்பந்தியம்மா சிரிக்காமல் சொல்வார்: "முதல்ல அண்ணனைத் தோட்டத்துக்கு அனுப்புங்க."

சொல்வதும் நியாயம்தான். என் ஒரே மகளின் கல்யாணம் நிச்சயமானபோது நான் அந்த இடத்தில் இல்லை.