உங்கள் மருமகன் ஆஸ்பத்திரியில் வைத்த ஒப்பாரி

சிவமயம்

செனாயில் இருக்கும் மைத்துனர் உலகப்பன் அவர்களுக்கு, சிம்பாங் ரெங்கத்திலிருந்து நாச்சியப்பன் எழுதுவது. மரவள்ளிக்கிழங்கின் புண்ணியத்தில் இவ்விடம் உயிரோடு இருக்கிறோம். அவ்விடமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இதைத் தபாலில் போடாமல் லாரிக்கார அர்ச்சுனன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

எல்லாம் உங்களால் வந்த வினை. என் மகன் கண்ணையாவை டாக்டருக்குப் படிக்கத்தான் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு மட்டும் போட்டிருக்கக் கூடாதா? பாட்டும் கதையும் நாடகமும் ஊட்டிவிட்டீர்கள். ஜப்பான் சண்டையில் படிப்பு நின்றுபோய், இங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருக்கிறான். மருந்து அலமாரியில் பல்லிதான் இருக்கிறது. இவன் நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து குடும்பக் கதை கேட்கிறான். "நாக்கை நீட்டச் சொல்லிப் பாருடா, அதுதான் வைத்தியம்" என்றால், "அந்த நாக்கு பேசவும் செய்யுதே, அப்பச்சி" என்கிறான். சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் வைத்த ஜப்பான்காரர்கள் அங்கே மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். இங்குள்ள பெரிய டாக்டர் சிபாரிசு செய்தால் படிப்பை முடித்துவிடலாம். இந்தக் கூத்தெல்லாம் அவர் காதில் விழுந்தால் சிபாரிசு போயிற்று.

போன வாரம் எனக்கு மலேரியா கண்டு அங்கேயே படுத்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். அதில் கருப்பாயி என்று ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற ஒருத்தி, சுவரைப் பார்த்துப் படுத்தவள் கஞ்சியைத் தொடவே இல்லை. காய்ச்சலும் இல்லை, வயிற்றில் கோளாறும் இல்லை. பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். கண்ணையா போய் உட்கார்ந்து பேசிப் பேசி விஷயத்தை வாங்கினான். புருஷன் வேலுவை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து தப்பி வந்த ஒருவன், வேலு செத்துப்போனதைச் சொல்லியிருக்கிறான். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் அழுகைச் சத்தம் கேட்டால் சேதி யார் கொண்டுவந்தது என்று தேடுவார்கள், தப்பி வந்தவன் மாட்டிக்கொள்வான். அதனால் அவளை யாரும் அழவிடவில்லை. உங்கள் மருமகன் ஆயா ராஜம்மாவிடம், "ஆஸ்பத்திரியில அழுதா ஏன்னு யாரும் கேக்கமாட்டாங்க, லயத்துப் பொம்பளைங்கள வரச் சொல்லுங்க" என்றானாம்.

எனக்கு இதொன்றும் அப்போது தெரியாது. குளிர்காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடக்கிறேன், திடீரென்று மாரடித்து ஒப்பாரி. சரி, நான் செத்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். ஆனால் 'பால்மரக் காட்டுக்குப் பனியோட போன ராசா' என்று பாடுகிறார்கள். நானாவது, பனியில் எழுந்திருப்பதாவது. வேறு யாருடைய ஒப்பாரியையோ எனக்குப் போட்டுவிட்டார்களே என்று மனம் நொந்து, போர்வையோடு தட்டியைத் தள்ளிக்கொண்டு போய், "நான் மரமே வெட்டினதில்ல, திருத்திப் பாடுங்க" என்றேன். பாடினவர்கள் பேயென்று அலறிக் கலைந்தார்கள். ராஜம்மாதான், "அலமாக், உங்களுக்கு இல்ல லா செட்டியாரே, போய்ப் படுங்க" என்று என்னைத் திருப்பினாள்.

அவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்ததும் கருப்பாயி தானே குரலெடுத்தாள். கேட்கத் தாங்கவில்லை. அழுது முடித்துக் கஞ்சி கேட்டாள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. காய்ச்சலால் என்று சொல்லிவைத்தேன்.

ஆகவே அம்மான் என்ற உரிமையில் நீங்களே அவனுக்குக் கண்டித்து எழுதவேண்டும். பாட்டு, கதை எல்லாவற்றையும் தலைமுழுகிவிட்டு, வைத்தியத்தை மட்டும் படிக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
நாச்சியப்பன்

பின்குறிப்பு: லாரி பழுதாகிக் கடிதம் என்னிடமே தங்கிவிட்டது. மேலே சொன்னபடி ஒன்றும் எழுதவேண்டாம். கண்ணையா என் கட்டிலில் உட்கார்ந்து, "அப்பச்சி, அன்னிக்கு ஏன் அழுதீங்க?" என்று கேட்டான். சண்டை வந்ததிலிருந்து காரைக்குடியிலிருந்து உங்கள் தங்கை அழகம்மையின் சேதி ஒரு வரி வரவில்லை. இருக்கிறாளோ இல்லையோ என்ற பயத்தை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. அவனிடம் சொல்லிவிட்டேன். அவளைப் பற்றித் தினமும் சொல்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் சியோனானுக்குப் போனால் உங்கள் பாட்டுப் புத்தகங்களும் கூடப் போகட்டும், அர்ச்சுனனிடம் கொடுத்தனுப்புங்கள். எனக்குக் காய்ச்சல் முந்தாநாளே விட்டுவிட்டது. நான் அதை அவனிடம் சொல்லவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவன், அவனும் சொல்லவில்லை. சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.